ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

பத்தாம் வகுப்பு மாணவி

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது பழமொழி. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் விளையாட்டு என்னும் சித்திரத்தை அதன்மேல் தீட்ட முடியும். அந்தச் சுவரில் விரிசல் விழாமல் காப்பவர்களும், விழுந்துவிட்டால் உடனே ஓடிவந்து சரிசெய்பவர்களும் ஒவ்வோர் அணியிலும் இருக்கிறார்கள். நூறு ஓட்டம் எடுத்தவரையும், ஆறு பேரைத் தொட்டுத் திரும்பிய ரெய்டரையும் நாம் அறிவோம். தோளில் ஒரு பையுடன் களத்துக்குள் ஓடிவந்து, மண்டியிட்டு, ஏதோ செய்துவிட்டு, கைதட்டல் எதுவும் இன்றித் திரும்பி ஓடுகிறவரை நாம் அறியோம். எங்கள் வகுப்புத் தோழியரிடம் கேட்டுப் பார்த்தோம். தமக்குப் பிடித்த அணியின் பதினொரு பேரையும் மூச்சுவிடாமல் சொன்னவர்கள், அந்தப் பைக்காரரின் பெயரைக் கேட்டதும் விழித்தார்கள். அவர் யார், அவருக்கு என்ன வேலை, அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நமக்கு அருகில் உள்ள களம்

தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்படும் போட்டிகள் யாவும் மும்பையிலும் லண்டனிலுமே நடக்கின்றன என்று எண்ண வேண்டா. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டி 2016-ஆம் ஆண்டு தொடங்கியபோது, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட களங்களுள் ஒன்று திருநெல்வேலியை அடுத்த சங்கர் நகர் மைதானம். தென்காசியிலிருந்து பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். குற்றாலத்தில் சாரல் விழும் அதே பருவத்தில் அங்கே விளக்கொளியில் ஆட்டம் நடக்கும்.

கபடியும் அவ்வாறே. நம் ஊர்ப்புறங்களில் கோயில் கொடை வந்தால் மின்னொளிக் கபடியும் உடன்வரும். அந்தக் கபடியை 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக், செம்மண்ணிலிருந்து மெத்தை விரிப்புக்கும் அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்றது. 2017-இல் 'தமிழ் தலைவாஸ்' அணியும் அதில் சேர்ந்தது. மண்ணில் ஆடும்போது விழுந்தவனைத் தூக்கிவிட உடன்பிறந்தானும் மாமனும் ஓடிவருவார்கள். மெத்தையில் ஆடும்போது ஓடிவருவதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். வேறுபாடு இதுதான்.

மூவர் செய்யும் பணி

இவர்கள் அனைவரையும் நாம் 'டிரெயினர்' என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். உண்மையில் பணிகள் வெவ்வேறு.

முதலாமவர் உடல்தகுதிப் பயிற்சியாளர். ஓட்டம், எடை தூக்குதல், தாவுதல், ஓய்வு ஆகியவற்றை ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியே அளந்து கொடுப்பவர் இவர். இத்துறையில் நம் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் மும்பையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது, அவ்வணியின் உடல்தகுதிப் பயிற்சியாளராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி சீனிவாசன். பின்னர் 2015 முதல் 2019 வரை அப்பொறுப்பை வகித்த பாசு சங்கரும் தமிழ்நாட்டவரே.

இரண்டாமவர் 'பிசியோ' எனப்படும் இயன்முறை மருத்துவர். எந்தத் தசை இழுத்திருக்கிறது, எந்த மூட்டு பிசகியிருக்கிறது என்று தொட்டும் அசைத்தும் பார்த்துச் சொல்பவர், காயத்திலிருந்து மீட்டு மீண்டும் களத்துக்கு அனுப்புபவர் அவரே. அமெரிக்காவில் 'அத்லெட்டிக் டிரெயினர்' என்று தனிப்படிப்பும் தனித்தேர்வும் உள்ள ஒரு தொழில் உண்டு. அங்கே களத்தின் ஓரத்தில் முதலில் ஓடிச்செல்பவர் அவர்.

மூன்றாமவர் தசைகளைப் பிடித்துவிடும் மசாஜ் நிபுணர். குற்றாலம் பேரருவிக்குப் போகிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுவோர் வரிசையாக இருப்பதைக் கண்டிருப்பார்கள். களைத்த தசையைக் கைவிரல்களால் தளர்த்தும் அந்தப் பழைய கலையின் படித்த வடிவமே இது என்று சொல்லலாம்.

இம்மூவருக்கும் மேலே அணியின் மருத்துவர் இருப்பார். அறுவை வேண்டுமா, மருந்து வேண்டுமா என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு.

ஆட்ட நாளில் என்ன நடக்கிறது?

மாலை ஏழு மணி ஆட்டத்துக்கு இவர்களுடைய வேலை காலையிலேயே தொடங்கிவிடுகிறது. வீரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். நேற்று எப்படித் தூங்கினாய், எங்கே வலிக்கிறது, காலை எவ்வளவு தூரம் மடக்க முடிகிறது என்று கேட்டும் பார்த்தும் குறித்துக்கொள்வார்கள். இந்தக் குறிப்பேடுதான் இத்தொழிலின் உயிர். இன்றைய சிறு வலி நாளைய பெருங்காயம் ஆகுமா என்பதைப் பழைய குறிப்புகளுடன் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

அடுத்து டேப் ஒட்டுதல். கணுக்கால், விரல், தோள் ஆகியவற்றில் முன்பே அடிபட்டவர்களுக்கு ஒட்டும் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவார்கள். மூட்டு வேண்டாத பக்கம் திரும்பாமல் அது தடுக்கும். மிக இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். தளர்த்தினால் பயன் இல்லை. அந்த அளவு கைக்கு வருவதற்குப் பல நூறு முறை சுற்றிப் பழக வேண்டும்.

பிறகு உடலைச் சூடேற்றும் பயிற்சி. அப்புறம் ஆட்டம். ஆட்டம் நடக்கும்போது நாம் பந்தைப் பார்ப்போம்; அவர்கள் ஆளைப் பார்ப்பார்கள். ஒருவர் நடையில் சிறு நொண்டல் தெரிகிறதா, விழுந்தவர் கையை ஊன்றினாரா, எழும்போது தடுமாறினாரா என்று கண் இமைக்காமல் கவனிப்பார்கள். தொலைக்காட்சிப் போட்டியில் நேரம் மிகக் குறைவு. கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 வினாடிதான். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் இடைநிறுத்தம் இரண்டரை நிமிடம். அதற்குள் தண்ணீரும் கொடுக்க வேண்டும், காயத்தையும் பார்க்க வேண்டும், ஆட முடியுமா என்றும் சொல்ல வேண்டும்.

பைக்குள் என்ன இருக்கும்? பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல், பலவகை டேப், கிரேப் பேண்டேஜ், ஐஸ் பை, கையுறை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சிறு டார்ச், எலும்பு முறிந்தால் அசையாமல் கட்ட மடக்குப் பலகை. நம் பள்ளி முதலுதவிப் பெட்டியில் உள்ளவைதாம் பெரும்பாலும். அதனை எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்த கைதான் அரிது.

சேப்பாக்கத்தில் ஒரு வெயில்

வெயிலும் ஒரு காயமே என்பதை உலகுக்குக் காட்டிய இடம் நம் சென்னை. 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் ஆட்டம் சமனில், அதாவது 'டை'யில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்தவை இரண்டே இரண்டு, இது இரண்டாவது.

அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டம் எடுத்தார். எட்டு மணி நேரத்துக்கும் மேலாகக் களத்தில் நின்றார். சென்னையின் வெயிலும் ஈரப்பதமும் அவர் உடலிலிருந்து நீரையும் உப்பையும் பிழிந்து எடுத்துவிட்டன. களத்திலேயே வாந்தி எடுத்தார், தசைகள் பிடித்துக்கொண்டன, நிற்கவே தடுமாறினார். வெளியேற விரும்பியபோது, அணித் தலைவர் ஆலன் பார்டர், தம் மாநிலத்து வீரர் ஒருவரை உள்ளே அனுப்பட்டுமா என்று கேட்டு அவரை ரோஷப்படுத்தினாராம். ஜோன்ஸ் தொடர்ந்து ஆடினார். ஆட்டமிழந்து வந்தபின் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று நரம்பு வழியாக உப்புநீர் ஏற்ற வேண்டியதாயிற்று.

அந்த 210-ஐ வீரத்தின் சின்னமாக இன்றும் பேசுகிறார்கள். ஆனால் இன்றைய பிசியோக்கள் அதனை ஓர் எச்சரிக்கையாகவே பாடம் படிக்கிறார்கள். வியர்வை ஒரு கட்டத்துக்குமேல் நின்றாலோ, பேச்சுக் குழறினாலோ, திசை தெரியாமல் நின்றாலோ, அது களைப்பு அன்று. உடலின் வெப்பம் மூளையைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்நீர் ஊற்றி, மருத்துவமனைக்கு ஆள் அனுப்புவதே.

இதைத் தடுக்க அவர்கள் கையாளும் முறை மிக எளியது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வீரரை எடைத்தட்டில் நிறுத்துவார்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது என்று கணக்கு. அதற்குச் சற்று மிகுதியாகவே, உப்பும் சேர்த்து, மெல்ல மெல்லக் குடிக்கவைப்பார்கள். நம் வீட்டு உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் இந்த அறிவின் பழைய உருவங்கள் அன்றோ?

"வேண்டாம்" என்று சொல்லும் துணிவு

இப்பணியின் கடினமான பகுதி கட்டுப்போடுவது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, கடினமானது ஒரே ஒரு சொல்லைச் சொல்வது. "ஆடாதே" என்பதே அச்சொல்.

வீரர் ஆட விரும்புவார். தலைவர் அவரை விட மாட்டார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். கேமரா முகத்துக்கு நேரே நிற்கும். அந்நேரத்தில் வீரரின் நாளைய வாழ்வை நினைத்துப் பேசுவதற்குச் சம்பளம் பெறும் ஒரே ஆள் இவர்.

2002-ஆம் ஆண்டு மே மாதம் மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டிகுவாவில் அனில் கும்ப்ளேயின் தாடை எலும்பு பந்து பட்டு முறிந்தது. தலையையும் தாடையையும் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் களமிறங்கி, 14 ஓவர் வீசி, பிரையன் லாராவை ஆட்டமிழக்கச் செய்தார். பிறகு அறுவைக்காக நாடு திரும்பினார். அந்தக் காட்சியைக் கண்டு மெய்சிலிர்க்காதவர் இல்லை.

2021-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் சிட்னியில் நம் சென்னை வீரர் அசுவின் முதுகு வலியுடனும், ஹனுமா விஹாரி பின்தொடைத் தசை கிழிந்த நிலையிலும் 42 ஓவருக்கும் மேலாகச் சேர்ந்து நின்று தோல்வியைத் தடுத்தார்கள். அதன் மறுபக்கமும் உண்டு. அந்தத் தொடரில் காயத்தால் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகியதால், அடுத்த பிரிஸ்பேன் ஆட்டத்தில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசச் சென்ற சேலம் மாவட்டத்து நடராஜனும், வாஷிங்டன் சுந்தரும் முதன்முறையாக டெஸ்ட் ஆடினர். ஜனவரி 19-ஆம் நாள் இந்தியா வென்றது.

தசையும் தாடையும் ஆறிவிடும். ஆனால் தலையில் அடிபட்டால் அவ்வாறு விட முடியாது. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் பந்து கழுத்தருகே பட்டு, இரண்டு நாள் கழித்து உயிரிழந்தார். அதன்பின் விதிகள் மாறத் தொடங்கின. 2019 ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளான வீரருக்குப் பதிலாக மாற்று வீரரை ஆடவைக்கலாம் என்று சர்வதேச கிரிக்கெட்டில் விதி வந்தது. அம்மாதமே லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் ஆடினார். அணிக்கு ஆள் குறையாது என்ற நிலை வந்ததால், "ஆடாதே" என்று சொல்வது இப்போது சற்று எளிதாகியிருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தில் நடந்தது இன்னும் வியப்பானது. 2011 டிசம்பரில் கோல்ட் மெக்காய் என்ற வீரர் தலையில் பலத்த அடி வாங்கினார். வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர் எல்லாரும் அதைக் கண்டார்கள். ஆனால் அணியின் மருத்துவக் குழுவினர் அந்நேரம் வேறு வீரர்களைக் கவனித்துக்கொண்டிருந்ததால் காணவில்லை. அவர் மீண்டும் ஆட அனுப்பப்பட்டார். இதன்பின், அரங்கின் உயரத்தில் ஒரு அத்லெட்டிக் டிரெயினரைத் தொலைக்காட்சித் திரைகளுக்கு முன் அமர்த்தி, அடிபட்டவரைக் கண்டுபிடித்துக் கீழே தெரிவிக்கச் செய்தார்கள். 2015 முதல் ஆட்டத்தையே நிறுத்தும் அதிகாரமும் அவருக்குக் கிடைத்தது. தொலைக்காட்சி வேடிக்கை காட்டுவதற்கு மட்டுமன்றி உயிர் காக்கவும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

கடமையைச் செய்த மருத்துவர்

ஒரு பெண்ணின் கதையை இங்கே கூறாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் செல்சீ கால்பந்து அணியில் மருத்துவராக இருந்தவர் ஈவா கார்னீரோ. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள், ஸ்வான்சீ அணியுடன் நடந்த ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் ஏடன் ஹஸார்ட் என்ற வீரர் கீழே விழுந்தார். நடுவர் மருத்துவக் குழுவைக் கையசைத்து அழைத்தார். கார்னீரோவும் பிசியோவும் உள்ளே ஓடினார்கள்.

கால்பந்து விதிப்படி, களத்தில் சிகிச்சை பெற்றவர் சிறிது நேரம் வெளியே நிற்க வேண்டும். செல்சீயின் கோல்காப்பாளர் முன்பே வெளியேற்றப்பட்டிருந்ததால், அணி சில நொடிகள் ஒன்பது பேராகக் குறைந்தது. ஆட்டம் 2–2 என்று சமனில் முடிந்தது. மேலாளர் ஜோசே மொரீன்யோ இருவரையும் எல்லார் முன்னிலையிலும் கடிந்து பேசினார். கார்னீரோ ஆட்டநாள் பணியிலிருந்து ஒதுக்கப்பட்டார்; அடுத்த மாதம் வேலையை விட்டு விலகினார்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. வழக்குத் தொடுத்தார். 2016 ஜூனில் அது உடன்பாட்டில் முடிந்தது. விதியின்படியும் மருத்துவர் என்ற பொறுப்பின்படியும் அவர் சரியாகவே நடந்துகொண்டார் என்று ஒப்புக்கொண்டு, செல்சீ கழகம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அணிக்குச் சம்பளக்காரராக இருந்தாலும், அடிபட்டவருக்குத்தான் முதல் கடமை என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

உயிரின் சில நிமிடங்கள்

2021-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் கோபன்ஹேகன் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்று சாய்ந்தார். கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர். அணித் தோழர்கள் அவரைச் சுற்றி வெளிப்புறம் நோக்கி வட்டமாக நின்று, கேமராக்களிடமிருந்து அவரை மறைத்தார்கள். உள்ளே மருத்துவக் குழு மார்பை அழுத்தியும் மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தியும் இதயத்தை மீண்டும் துடிக்கச் செய்தது. அடுத்த ஆண்டே அவர் களத்துக்குத் திரும்பினார்.

2023-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் அமெரிக்காவின் சின்சினாட்டியில் டாமர் ஹாம்லின் என்ற 24 வயது வீரர், மார்பில் அடிபட்டு எழுந்து, மறுகணமே விழுந்தார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடியில் மார்பில் அடி விழுந்தால் இதயம் நின்றுவிடக் கூடும். பஃபலோ அணியின் உதவி அத்லெட்டிக் டிரெயினர் டென்னி கெல்லிங்டன் உடனே மார்பை அழுத்தத் தொடங்கினார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஹாம்லின் பிழைத்தார்; அதே ஆண்டில் மீண்டும் ஆடினார். அவ்விரவு வரை கெல்லிங்டன் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இந்த முதலுதவி கடினமானது அன்று. ஒருவர் நினைவின்றி மூச்சும் இன்றிக் கிடந்தால், முதலில் 108-க்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு நடு மார்பில் ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். ஆம்புலன்சு வரும்வரை நிறுத்தக் கூடாது. பத்தாம் வகுப்பு மாணவிகளின் கைகளுக்கு இதற்குப் போதிய வலிமை உண்டு. களைத்தால் அடுத்தவர் மாற்றிக்கொள்ளலாம்.

சுளுக்கும் நாமும்

பெரிய அரங்குகளை விட்டு நம் மைதானத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு நடந்த ஒரு கோ-கோ போட்டியில் எங்கள் தோழி ஒருத்தி, திரும்பி ஓடும்போது கால் மடங்கி விழுந்தாள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, "ஒண்ணுமில்லம்மா, சுளுக்குத்தான். இழுத்துவிட்டாச் சரியாப் போகும்" என்று சொல்லிக் காலைப் பிடித்து இழுத்து, சூடான எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தார். அவள் அலறினாள். மறுநாள் கால் இரு மடங்காக வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு. மாவட்டப் போட்டிக்கு அவள் வரவில்லை. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கண்ணீர் விட்டாள்.

குற்றாலத்து எண்ணெய்த் தேய்ப்பை நாங்கள் பழிக்கவில்லை. களைத்த உடம்புக்கு அது இதமே. ஆனால் புதிய காயத்துக்குள் சிறு இரத்தக் குழாய்கள் அறுந்திருக்கும். அழுத்தித் தேய்த்தாலும் சூடு கொடுத்தாலும் இரத்தம் மேலும் கசிந்து வீக்கம் பெருகும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்கக் கூடாது என்பதே பிசியோக்கள் கூறும் விதி. காலை உயர்த்தி வைத்து, கிரேப் பேண்டேஜை அளவாகச் சுற்றி, துணியில் பொதிந்த ஐஸ்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். ஐஸ் வலியைத்தான் மரக்கச் செய்யும். காயத்தை ஆற்றும் என்று எண்ண வேண்டா. வலி குறையக் குறைய, காலை மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். படுத்தே கிடந்தால் தசை மெலிந்துவிடும்.

சுளுக்கா முறிவா என்று எப்படி அறிவது? கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஒரு எளிய விதியை வெளியிட்டார்கள். அடிபட்டவரால் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இவ்விதி அன்று அந்த மைதானத்தில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால்!

நம் வயதுப் பெண்களுக்கு ஒரு செய்தி

முழங்காலின் உள்ளே குறுக்காகச் செல்லும் ஒரு தசைநார் உண்டு. தாவிக் குதித்து இறங்கும்போதும் ஓடிக்கொண்டே திடீரென்று திரும்பும்போதும் அது அறுந்துபோகக் கூடும். ஒரே விளையாட்டை ஆடினாலும், ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதியாக நேர்கிறது. அறுந்தால் அறுவையும் பல மாத ஓய்வும் தேவைப்படலாம்.

ஆனால் இதைத் தடுக்க வழி உண்டு. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுள்ள கால்பந்துப் பெண்கள் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினர் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் இருபது நிமிடம் மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குந்தி எழுதல், முழங்கால் உள்ளே சாயாமல் குதித்து இறங்குதல் ஆகியவற்றைச் செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் ஆடினார்கள். 2008-இல் வெளிவந்த முடிவின்படி, பயிற்சி செய்த பிரிவில் கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. இதற்குக் கருவி வேண்டா, பணம் வேண்டா. ஒரு மைதானமும் இருபது நிமிடமும் போதும். மணி அடித்ததும் ஓடிப்போய் நேரே ஆட்டத்தில் இறங்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இப்பணிக்குச் செல்வது எவ்வாறு?

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பில் சேரலாம். நான்கு ஆண்டுப் படிப்பும் அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. பிறகு விளையாட்டுக் காயங்களுக்கென்றே முதுகலைப் படிப்பும் உண்டு. எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றின் பெயரும் இயக்கமும் மனப்பாடமாக வேண்டும். ஞாயிறும் பண்டிகையும் வீட்டில் இருக்க முடியாது. போட்டி நடக்கும் ஊர்தான் ஊர்.

பெண்களுக்கு இதில் இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்வோம். பெங்களூரு ஐ.பி.எல். அணி 2020-ஆம் ஆண்டுப் போட்டிக்கென நவ்னிதா கௌதம் என்பவரை மசாஜ் நிபுணராக நியமித்தது.  2023-இல் பெண்களுக்கான பிரீமியர் லீக்கும் தொடங்கிவிட்டது.

முடிவுரை

நம் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டு விழாவுக்குக் கொடி ஏந்தவும், கோடு போடவும், மதிப்பெண் எழுதவும் மாணவியரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவர்களுடன் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு மாணவியர் முதலுதவிப் பையுடன் நின்றால் என்ன? எங்கள் உடற்கல்வி ஆசிரியையிடம் இதைக் கேட்டிருக்கிறோம். பெயர் கொடுப்பவர்களுக்குக் கட்டுப்போடவும் மார்பை அழுத்தி முதலுதவி செய்யவும் அரையாண்டு விடுமுறைக்குள் கற்றுத்தர ஏற்பாடு செய்வதாகக் கூறியிருக்கிறார்கள். முதல் பட்டியலில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. இதைப் படிக்கும் தங்கைகளே, உங்களுக்கும் இடம் இருக்கிறது. பரிசுக் கோப்பை வேண்டுபவர்கள் ஓடுங்கள், தாவுங்கள். கோப்பையைவிட ஓடுகிற கால் பெரிது என்று எண்ணுபவர்கள் எங்களுடன் வாருங்கள்.